முட்டையில்லாத கூடு

ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று சொல்கிறவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். நாலு பேர் சேர்ந்து காலையில் நடக்கப் போகலாம் என்று முடிவெடுத்தால், முதல் அடி எடுத்து வைப்பதற்குள் நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் பனியன் அடித்துவிடலாம் என்பாரே, அவர்தான். சொந்தக்காரர்களையெல்லாம் சேர்த்து அலைபேசியில் ஒரு குழு ஆரம்பித்தால், யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், குழுவுக்கு முகப்புப் படம் எது என்று மூன்று நாள் ஓட்டெடுப்பு நடத்தி, பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் பண்ணிவிட்டுப் போவாரே, சாட்சாத் அவரேதான். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சின்னக்காரர். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. உலகத்தில் நடக்காமல் போன வேலைகளுக்கெல்லாம் சோம்பேறிகள்தான் காரணம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? சோம்பேறி பாவம், ஓரமாகப் படுத்துக் கிடக்கிறான். யார் வழியையும் மறிப்பதில்லை. நடக்க இருந்த வேலையை நட்டநடுவில் நிறுத்திவைத்து, அதற்குக் கொடி தைக்கிறவர் சின்னக்காரர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் நாலு பேனா இருக்கும்; நாலில் ஒன்றும் எழுதுவதற்கில்லை. ஒன்று அடிக்கோடு போட, ஒன்று வட்டம் போட, ஒன்று கையெழுத்துக்கு, நாலாவது மற்ற மூன்றும் தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற கவலைக்கு. அக்குளில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருக்கும். எதைக் காட்டினாலும் "இது வெறும்" என்று ஆரம்பிப்பார். இது வெறும் நாற்காலி இல்ல. இது வெறும் கதவு இல்ல. ஒரு தடவை சாக்பீஸ் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு "இது வெறும் சாக்பீஸ் இல்ல" என்றார். அப்படியானால் வேறென்ன என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால், இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவித்து நெஞ்சுக்கு நேரே தூக்கி, "இதுக்குள்ள ஒரு அர்த்தம் இருக்கு" என்பார். அந்தக் கிண்ணம் எழும்பிவிட்டால் அன்றைய சாயங்காலம் போயே போச்சு.

எங்கள் எழுத்து வட்டத்துக்கு இப்படி ஒருவர் வாய்த்தார். வட்டம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு மருந்துக்கடையின் மாடியில் கூடும். கீழே ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் ஆல்டரேஷன் கடை. நடுவில், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்ப இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிற அகலத்தில் ஒரு படிக்கட்டு. மேலே நீள மேசை, பதினைந்து நாற்காலி, பூட்டுக் கெட்டுப்போன இரும்பு அலமாரி. நாங்கள் எல்லோரும் எழுத்தாளர்கள். அதாவது, எழுதப் போகிறவர்கள். இடம் கொடுத்த மருந்துக்கடைக்காரர் ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதுகிறார். இதுவரை தலைப்பு முடிந்திருக்கிறது, அதையும் நாலு தடவை திருத்திவிட்டார். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், "மனசுல முடிச்சிட்டேன், பேப்பர்ல இறக்கறதுதான் பாக்கி" என்று வாரம் தவறாமல் சொல்வார். நான் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. சின்னக்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவர். அவர் என்ன எழுதுகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் என்ன எழுதுகிறோம் என்று அவரும் கேட்டதில்லை. இப்படித்தான் வட்டம் சண்டை சச்சரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் நிஜமாகவே எழுதுகிற ஆள் ஒருவர் தவறிப்போய் எங்களிடம் வந்து சேர்ந்தார். கீழே ஆல்டரேஷன் கடை வைத்திருக்கும் அக்கா. தையல் மிஷினில் நூல் சுற்றிவைக்கிற பாபின் ஒன்றை உள்ளங்கையில் எந்நேரமும் உருட்டிக்கொண்டிருப்பதால் அவருக்குப் பாபின் அக்கா என்றே பெயர். வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். கீழே யாராவது வந்து குரல் கொடுத்தால் சத்தமில்லாமல் இறங்கிப் போகலாம் பாருங்கள். மடியில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் ஒரு கதை. பிறந்ததிலிருந்து அவர் எழுதிய முதல் கதை அதுதான். அதை நாலு பேருக்கு முன்னால் வாசிக்கவேண்டும், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும்; அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எழுத்து வட்டத்தில் இது பேராசையா? இல்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்த அதே ஞாயிற்றுக்கிழமைதான், அவர் உறையைத் திறக்கப்போன அதே நிமிஷத்தில்தான், சின்னக்காரர் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் இருக்கு, நம்ம வட்டத்துக்குன்னு ஒரு சின்னம் இல்லையே" என்றார்.

"பேனா வெச்சுடலாமே," என்றார் டீச்சர்.

"பேனா எல்லார்கிட்டயும் இருக்கு டீச்சர். கையெழுத்து மட்டும் போடறவங்ககிட்டயும் இருக்கு."

"விளக்கு?"

"கரண்ட் ஆபீஸ்னு நினைச்சு ஏறி வந்துடுவாங்க."

"மரம்," என்றார் மருந்துக்கடைக்காரர், மூடிய கண்ணைத் திறக்காமலே.

"மரத்தை வெட்டித்தான் சார் காகிதம் பண்றாங்க. அதையே சின்னமா வெச்சா, கசாப்புக்கடை வாசல்ல ஆட்டுப் படம் மாட்டின மாதிரி ஆயிடும். நமக்கு வேண்டியது இதுக்குள்ள ஒரு அர்த்தம்..." என்று வழக்கம்போல் கையைக் குவித்தவர், அப்படியே நின்றார். குவித்த கையைக் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார், இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். "கூடு," என்றார்.

குருவிக்கூடு. காகிதத்தால் ஆனது. எழுத்தாளன் வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறான், குருவி நார் நாராகப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. அர்த்தம் புரிகிறதா? புரிந்தது, புரிந்தது என்று எல்லோரும் அவசரமாகத் தலையாட்டினோம், ஏனென்றால் மணி ஆறாகிவிட்டிருந்தது. "அடுத்த வாரம் முதல்ல உங்க கதைதாம்மா," என்று பாபின் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சின்னக்காரர் படியிறங்கினார்.

அடுத்த வாரம் முட்டை வந்தது. கூடு என்றால் முட்டை இருக்கவேண்டாமா, எத்தனை வைப்பது என்று டீச்சர் கேட்டுவிட்டார். இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொன்று என்று ஒரு கட்சி கிளம்பியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்புறம் எங்கிருந்து இடுவது என்று இன்னொரு கட்சி. கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஒரே ஒரு கண்ணைத் திறந்து, "எழுதி முடிச்சதுக்குத்தானே முட்டை? ஒரு படைப்புக்கு ஒரு முட்டைன்னு வெச்சுக்குவோம்," என்றார்.

அறையில் ஈ ஒன்று பறந்தது, அதன் சத்தம் கேட்டது. பாபின் அக்கா மட்டும் மடியிலிருந்த உறையைக் கொஞ்சம் தூக்கினார். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"முட்டை வேணாம்," என்றார் சின்னக்காரர், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு. "வெறுமைக்கும் ஒரு அர்த்தம் இருக்கு." முட்டையின்மை ஒருமனதாக நிறைவேறியது என்று நான் குறிப்பில் எழுதினேன். வேண்டுமானால் நோட்டை எடுத்துக் காட்டுகிறேன்.

மூன்றாவது வாரம், கூட்டின் வாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும். நாலாவது வாரம், கிளை வேண்டுமா, வேண்டுமென்றால் அது கிளையா கொம்பா. ஐந்தாவது வாரம்தான் அசல் ஆபத்து. கடையில் வாங்கிய காகிதத்தில் செய்தால் அது கைவேலை, சின்னம் இல்லை என்று சின்னக்காரர் கண்டுபிடித்தார். உறுப்பினர்கள் தங்கள் கைப்பட எழுதிய பக்கங்களைக் கொண்டுவர வேண்டும். பாதியை முறுக்கிக் கயிறாக்கிக் கூடு பின்ன வேண்டும். மீதியை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழைப் பிடித்துக் காயவைத்துக் கிளை செய்ய வேண்டும். "நம்ம எழுத்தே நமக்கு வீடு," என்றார். அந்த வாரமும் ஆறு மணி அடித்தது. அந்த வாரமும் பாபின் அக்கா உறையை மடித்த கையோடு இறங்கிப் போனார்.

ஏழாவது வாரம் அவர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். மேலே சொன்னேனே, அந்தப் படிக்கட்டில் ஆளை மறிப்பது கஷ்டமே இல்லை.

"சார், இவங்க கூடு கட்டி முடிக்கற வரைக்கும் என் முறை வராதுபோல. நீங்க புத்தகமெல்லாம் திருத்தறவரு. நீங்களாவது படிச்சுப் பாருங்க. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லிடுங்க, விட்டுடறேன். அது தெரிஞ்சா போதும் எனக்கு."

"அதுக்கென்னக்கா, குடுங்க."

"இது ஒண்ணுதான் சார் இருக்கு. நகல் எடுக்கல. பத்திரம்."

"என்னக்கா, என்கிட்ட போய்ப் பத்திரம்னு சொல்லிக்கிட்டு," என்று சிரித்தேன். சிரித்துவிட்டு மேலே போய், பூட்டுக் கெட்ட அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். வீட்டுக்கு ஏன் எடுத்துப் போகவில்லை? எடுத்துப் போனால் படிக்கவேண்டி வரும் ஐயா. பிழைதிருத்துகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கையெழுத்துப்படியா?

அந்த உறைக்குள் என்ன இருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அறுபத்துமூன்று நீளச் சீட்டுகள். துணி அளவு குறிக்கிற சீட்டுகள். ஒரு பக்கத்தில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் இடுப்பும் தோளும் கை நீளமும். திருப்பினால், பின்பக்கத்தில், நூல் கோத்த மாதிரி நுணுக்கமான எழுத்தில், கதை. துணியை வாங்கிப் போய்விட்டவர்களின் பழைய சீட்டை வீணாக்குவானேன் என்று அக்கா அதன் முதுகில் எழுதியிருந்தார்.

எழுத்தாளர்களிடம் பக்கம் கேட்ட கதைக்கு வருகிறேன். ஐந்து வாரம் கெடு கொடுத்தும் மொத்தம் ஒன்பது பக்கம் தேறியது. டீச்சர், தண்ணீர் வரவில்லை என்று எப்போதோ எழுதிய புகார் மனுவின் நகலைக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் தலைப்புகள் நாலையும் நாலு தாளில் கொடுத்தார். நடுவில் ஒரே ஒரு வரி, சுற்றிலும் வெள்ளை. நான் பழைய கூட்டக் குறிப்பிலிருந்து நாலு பக்கம் கிழித்தேன். சின்னக்காரர் தான் ஒன்றும் எழுதியதில்லை என்று சொல்லவில்லை. "நான் இதை முழுசா செய்யறேனே, அதுதான் என் பக்கம்," என்றார். கூட்டுக்கு மட்டும் அறுபது கயிறாவது வேண்டும். ஒன்பதை வைத்துக்கொண்டு குருவிக்கு மூக்குத்தி செய்யலாம்.

சின்னக்காரர் அலமாரியைத் திறந்து துழாவினார். நான் பக்கத்தில் நின்றேன். பழுப்பு உறை வெளியே வந்தது.

"இது என்ன?"

"பாபின் அக்கா குடுத்தது."

"அவங்க பங்கா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? இல்லை சார், அது படிக்கக் கொடுத்த கதை, நான் மூன்று வாரமாகத் தொடவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் தொடவில்லை என்பது வெளியே வரும். அதனால் நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பிழை திருத்தியிருக்கிறேன். அந்த ஒரு "ம்" மட்டும் இன்றுவரை திருத்த முடியவில்லை.

சின்னக்காரர் உறையைக் கவிழ்த்தார். மேலே அளவுப் பக்கம். "மார்பு நாற்பது, தோள் பதினேழு... பாருங்களேன், அந்தம்மாவுக்கு என்ன தாராள மனசு. எழுத வராதேன்னு ஒதுங்காம, கடையில கிடந்த சீட்டையெல்லாம் அள்ளிக் குடுத்திருக்காங்க," என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடு ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். நானும் பார்த்திருக்கலாம். காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எழுத்து வட்டத்தின் இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். குளியலறைத் தொட்டியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. துணி காயப்போடும் கொடியில், அவருடைய உள்பனியன்களுக்கு நடுவே, முறுக்கிய காகிதக் கயிறுகள் கிளிப் மாட்டித் தொங்கின. அளவுகள் வெளியே தெரிகிற மாதிரி முறுக்கியிருந்தார். எண்ணும் எழுத்தும் சேர்ந்து வருகிறதாம், அதிலும் ஓர் அர்த்தம். அவர் வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. நீங்களே வந்து பாருங்க. மூணு நாளா என் மிக்ஸியில மை வாசம். இனிமே இதுல நான் என்னத்த அரைக்கறது, கவிதையத்தானா?"

"இது வெறும் கூழ் இல்லம்மா," என்றார் சின்னக்காரர், கிண்ணம் தூக்க முடியாமல், ஏனென்றால் இரண்டு கையும் முழங்கை வரை அதற்குள் இருந்தது.

"ஆமா, வெறும் கூழ் இல்ல. என் மிக்ஸி பிளேடும் அதுல சேர்த்தி."

கிளைக்குக் கூழ் பற்றவில்லை. ஒன்பது பக்கத்தில் என்ன கிளை வரும்? உறையின் அடியில் மிஞ்சியிருந்த ஐந்து சீட்டையும் என் கண்ணெதிரே மிக்ஸியில் போட்டார். நான் அந்த வீட்டுக்காரம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன், நன்றாக இருந்தது.

கூடு முடிந்தது. சொல்லத்தான் வேண்டும், அழகாக இருந்தது. ஐம்பத்தெட்டுக் கயிறும் ஒன்றின் மேல் ஒன்று பின்னி, பசை தொட்டு, வளைந்து, கையைவிட்டால் கதகதப்பாக இருக்கும் போலிருந்தது. திறப்பு விழாவுக்கு மூடித் திறக்க ஒரு திரை வேண்டுமே? யாரிடம் தைக்கக் கொடுப்பார்? பாபின் அக்காவிடம்தான். கருஞ்சிவப்பு வெல்வெட்டில், இழுத்தால் ஒரே இழுப்பில் இரண்டு பக்கமும் ஒதுங்குகிற மாதிரி நாடா கோத்து, அக்கா தன் கதைக்குத் தானே திரை தைத்தார். அதை வாங்க நான் போனபோது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா. பாதிக்கு வந்துட்டேன். நல்லா இருக்கு."

அக்காவின் கையிலிருந்த பாபின் நின்றது. "நிஜமாவா? எந்த இடம் சார்?"

"அது... அந்த நடு இடம்."

"அந்த வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றதா வேணாமான்னு நிக்கறாளே, அந்த இடமா?"

"அதேதான்," என்றேன். அக்கா திரும்பி நூல் வெட்டுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான் படியேறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள், ஏறினேன்.

விழாவுக்குப் பதினாலு பேர் வந்தார்கள். சின்னக்காரர் நாற்பது நிமிஷம் பேசினார். கூடு, குருவி, வெறுமை, எண்ணும் எழுத்தும் என்று எல்லா அர்த்தத்தையும் வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, "இந்தத் திரையைத் தைச்ச கையே இதைத் திறக்கட்டும்," என்று பெருந்தன்மையாகப் பாபின் அக்காவை அழைத்தார். அக்கா கூச்சத்தோடு வந்து நாடாவை இழுத்தார். திரை ஒரே இழுப்பில் ஒதுங்கியது. எல்லோரும் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை. குனிந்து ஒரு கயிற்றை விரலால் தொட்டார்.

"இது தபால்காரர் பேண்ட்டு," என்றார்.

"தொடாதீங்கம்மா, பசை இன்னும் முழுசா காயல."

"இது சலூன்காரர் சட்டை. இது பேங்க்ல இருக்காங்களே, அவங்க ஜாக்கெட்." விரல் ஒவ்வொரு கயிறாகப் போனது. "சார், இதுல என் கதை இருக்கு."

"ஆமாம்மா," என்றார் சின்னக்காரர், முகமெல்லாம் மலர்ந்து, கையைக் குவித்துக்கொண்டு. "எல்லாரோட கதையும் இருக்கு. அதுதானே இதோட அர்த்தம்."

"இல்ல சார். என் கதை இருக்கு. முதல் பக்கத்துலேருந்து."

கிண்ணம் மெதுவாக இறங்கியது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோர் முன்னாலும் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஜாக்கெட் பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். கூட்டின் விளிம்பில் ஒரு முடிச்சைத் தூக்கினார்.

"என்னம்மா பண்றீங்க? நாலு மாச வேலை," என்றார் சின்னக்காரர்.

"எனக்கு நாலு வருஷ வேலை சார்," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. தப்பாகத் தைத்ததைப் பிரிப்பது அவருக்குத் தினப்படி வேலை.

முதல் கயிறு பிரிந்தது. அளவுப் பக்கம் உள்ளே போய், எழுத்துப் பக்கம் மேலே வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "அட, பின்னாடி எழுதியிருக்கு," என்றார். எல்லோரும் சின்னக்காரரைப் பார்த்தோம்.

"முறுக்கும்போது பார்த்தேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எழுத்து இருந்துது. படிக்கல. மை நிறம் நல்லா வந்துதேன்னு நினைச்சேன்."

வாசகர் அவர்களே, எழுத்து வட்டம் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அசிங்கமாக இருந்தது. ஏனென்றால் அவர் முறுக்கவாவது செய்தார், நான் உறையைக்கூடத் திறக்கவில்லை.

டீச்சர்தான் முதலில் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். அக்கா கீழே போய் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கயிறுகளை மெல்ல ஈரம் காட்டிப் பிரிக்க ஒரு கூட்டம், பழைய துணியை மேலே போட்டுத் தேய்க்க ஒரு கூட்டம். வரிசை எப்படித் தெரியும்? பக்க எண் போடவில்லை. அக்கா ஒவ்வொரு சீட்டையும் திருப்பி அளவைப் பார்த்தார். "தபால்காரர் ஆறாவது. சலூன்காரர் எட்டு. இது கடைசியில வரும், அந்தத் தாத்தா பேண்ட்டு, அப்பதான் முடிவு வராம திண்டாடிக்கிட்டிருந்தேன்." யார் இடுப்பில் எந்தப் பக்கம் எழுதினார் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு மணி நேரத்தில் கூடு மேசையிலிருந்து மறைந்து, வரிசையாக அடுக்கிய ஐம்பத்தெட்டுச் சீட்டாக அவர் மடியில் இருந்தது. கிளை மட்டும் மேசைமேல் தனியாக நின்றது.

"வாசிங்கம்மா," என்றார் டீச்சர்.

அக்கா வாசித்தார். ஒரு தையல்காரி. அவள் கடைக்கு ஒருவர் ஒரே பேண்ட்டை மாதாமாதம் பிடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார். இடுப்பு முப்பத்தாறு. அடுத்த தடவை முப்பத்துநாலு. அதற்கடுத்து முப்பத்திரண்டு. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, நீயும் சொல்லாதே என்கிறார். அவர் மனைவியும் அதே கடைக்கு வருகிறாள். அவர் சாப்பாட்டைக் குறைத்து உடம்பை இளைத்துவிட்டார், அப்படியே கல்யாணத்தப்போ இருந்த மாதிரி ஆகிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, தனக்கு ஒரு புதுத் துணி தைக்கக் கொடுத்துவிட்டுப் போகிறாள். தையல்காரி கையில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு நிற்கிறாள், சொல்வதா வேண்டாமா என்று. அந்த நடு இடம் வந்தபோது அக்கா வாசிப்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்ன இடம் இதுதானே சார்?"

பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். "இப்பத்தான் அக்கா கேக்கறேன்," என்றேன். வேறு என்ன சொல்வது? காது இரண்டும் கொதித்தது. அக்கா அடுத்த சீட்டை எடுத்தார்.

ஐம்பத்தெட்டாவது சீட்டு முடிந்தது. அந்த மனைவி புதுத் துணியை வாங்க வருகிறாள், வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், தையல்காரி எழுந்து நிற்கிறாள். அத்தோடு அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டிருந்தார். ஆறு வருடத்தில் நாங்கள் பார்த்திராத கண்.

"அப்புறம்?" என்றார்.

அக்கா அவரையே பார்த்தார்.

"சொல்லுங்கம்மா, அந்தம்மாகிட்ட சொன்னாளா, சொல்லலையா?" இது டீச்சர்.

"அவரு பொழைச்சாரா?" என்று பின்னாலிருந்து யாரோ. ஆளாளுக்கு அப்புறம், அப்புறம் என்றார்கள். பாபின் அக்கா உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்கத்தான் அவர் நாலு மாதம் வாசல் நாற்காலியில் காத்திருந்தார். இப்போது அவர் அதைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இவ்வளவுக்கும் சின்னக்காரர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. மேசைமேல் நின்ற மொட்டைக் கிளையையே பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மெல்ல மெல்ல அவர் இரண்டு கையும் குவிய ஆரம்பித்தது. திருந்துகிற இனமா இது?

"இந்த வெறும் கிளை இருக்கே," என்றார், தழுதழுத்த குரலில். "இதுக்குள்ளயும் ஒரு அர்த்தம் இருக்கு."

"ஆமா சார்," என்றார் பாபின் அக்கா. "கடைசி அஞ்சு பக்கம் இருக்கு."

அந்த ஐந்து பக்கத்தை அக்கா மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். முன்னைவிட நன்றாக வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இப்போது பதினாலு பேரும் வந்துவிடுகிறார்கள். டீச்சர் நிஜமான தாளில் நிஜமான மையால் ஒன்றரைப் பக்கம் இறக்கிவிட்டார். சின்னக்காரர் கிளையைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழே என்ன வாசகம் எழுதலாம் என்று ஒரு துணைக்குழு அமைக்கச் சொல்கிறார். அதைக் குறிப்பில் ஏற்ற நான் மறந்துவிட்டேன், வேண்டுமென்றேதான்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள், எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் ஒரு சின்னக்காரர் இருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் சொல்லியிருப்பீர்கள். நல்லது. உங்கள் சட்டைப் பையில் நாலு பேனா இல்லை, அக்குளில் வரைபடம் இல்லை, வீட்டு மிக்ஸியும் பத்திரமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். போன மாதம் உங்களுக்குத் தெரிந்த ஒருவர், மைத்துனரோ, கூட வேலை செய்கிறவரோ, யாரோ ஒருவர், தான் எழுதியது ஒன்றை அலைபேசியில் அனுப்பி, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாரே. நீங்கள் அரை நிமிஷத்துக்குள் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தூங்காமல் சந்தோஷப்பட்டிருப்பார். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன பெயர்? சின்னம்தானே?

சரி, சொல்லுங்கள். அதில் அந்த நடு இடம் எப்படி இருந்தது?